மிஸிஸ் பெல் கொடுத்த கோட்டு

ஜெனிட்டா, ரோஷன், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவள் ஜெனிட்டாதான். போன வாரம் போனில், "அப்பா, நீங்க போன மாதிரி ஒரு கோர்ஸ் எங்க ஸ்கூலுக்கும் வந்திருக்கு. எங்கயும் போகத் தேவையில்ல. வீட்டுல கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து அந்த ஊர்க்காரங்களோட பேசினாப் போதும். அப்போ நீங்க அம்புட்டுத் தூரம் போயி அப்படி என்னத்தப் படிச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டாய். கிண்டலாகக் கேட்கவில்லை என்று தெரியும். நீயும் இங்கிலீஷ் டீச்சர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான், "லைன் சரியில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பதில் வரவில்லை.

இப்போது பென்ஷன்காரன். காலையில் கோழிகளைத் திறந்துவிட்ட பிறகு எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பதுளையில் உயர்தரப் பரீட்சை தட்டுத்தடுமாறிப் பாஸாகி, உதவி ஆசிரியராகப் பெயர் போட்டு, பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். இங்கிலீஷ் பாடத்துக்கு ஆள் இல்லை என்றார்கள். எனக்கு வரும் என்றேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் கதை.

எனக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்று சொல்ல, உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தில் அவர் துரை பங்களாவின் சமையற்காரர். பங்களாச் சமையற்காரரை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சவரிமுத்து அப்பு. நான் பள்ளிக்கூடம் விட்டதும் பங்களாவின் பின்பக்கப் பாதையால் ஏறிப் போய்க் குசினி வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து துரையின் இங்கிலீஷ் கேட்கும். அப்பாவின் இங்கிலீஷும் கேட்கும். துரை நீளமாகப் பேசுவார். அப்பா, "யெஸ் மாஸ்டர்", "ரெடி மாஸ்டர்", "சாரி மாஸ்டர்" என்பார். அந்த மூன்றையும் அவர் எவ்வளவு அழகாகச் சொல்வார் தெரியுமா! அந்தக் குரலை வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

பங்களாவின் முன்பக்கத்தில் கல் படிகளும் இரண்டு பக்கமும் பூச்சட்டிகளும் இருந்தன. அந்தப் படியில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் யாரும் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்கவும் இல்லை. கால் தானாகவே பின்பக்கம் திரும்பிவிடும்.

ஒரு துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது தன் பழைய கோட்டை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணிறக் கோட்டு. அப்பாவுக்கு அது முழங்காலைத் தொடும், கை விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். ஞாயிறு பூசை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதுதான். லயத்தில் அவருக்குப் பெயரே கோட்டு அப்பு. "கோட்டு முன்னால வருது, அப்பு பின்னால வாராரு" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு அது பெருமை.

தாத்தா இறந்த பிறகு அந்தக் கோட்டு நம் தெமோதரை வீட்டில் முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கனத்துக்குக் கதவு பாதிதான் திறக்கும். ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தபோதுகூட ஒருக்களித்துத்தான் நுழைந்தார். நாம் எல்லாரும் குசினிப் பக்கமாகவே புழங்கினோம். சொந்த வீடு கட்டியும் பழக்கம் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்வி வலயத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் ஆசிரியரை இங்கிலாந்துக்கு அனுப்பும் சந்தர்ப்பம் வந்தது. அந்த ஊர் வீடொன்றில் தங்கி, இரண்டு மாதம் அந்த மொழிக்குள்ளேயே கிடந்து படித்துவிட்டு வரவேண்டும். பதுளைக் கந்தோரில் என்னைக் கூப்பிட்டு அதிகாரி சொன்னார்: "மாஸ்டர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தர அனுப்புறது இதுதான் மொத தடவ. நீங்க முடிச்சிட்டு வந்தீங்கன்னா அடுத்த வருசம் பூனாகலை டீச்சருக்குக் குடுக்கலாம். முடிக்காம வந்தீங்கன்னா, தோட்டத்து ஆளுகளுக்கு இது சரிவராதுன்னு டவுன் ஸ்கூலுக்கே போயிரும்."

பூனாகலை டீச்சர் என்றது புஷ்பராணி டீச்சரை. என்னைவிட நன்றாகப் படிப்பிப்பவர். வயதில் மூத்தவன் என்று எனக்கு முதலில் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர், கோச்சி ஜன்னல் பக்கம் நின்று, "மாஸ்டர், அங்க போயி படுத்துத் தூங்கிறாதீங்க. ஒங்களுக்குப் பின்னால ஒரு ஆளு கியூவுல நிக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த வார்த்தை விமானம் ஏறியும் என்னோடு வந்தது.

கடற்கரைச் சிறு நகரம் அது. நான் தங்கப்போகும் வீட்டுக்கு முன்னால் டாக்சி இறக்கிவிட்டுப் போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்கதவைத் தாண்டி, வீட்டுப் பக்கச் சந்துக்குள் நடந்து, குப்பைத் தொட்டிகளைக் கடந்து, குசினிக் கதவுக்குப் போய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். தட்டவும் இல்லை. யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நின்றேன்.

அந்த வீட்டுக்கார அம்மா மிஸிஸ் பெல். புருஷன் இறந்து தனியாக இருப்பவர். டாக்சிச் சத்தம் கேட்டு முன்கதவைத் திறந்திருக்கிறார். டாக்சி போகிறது, ஆளைக் காணோம். தெருவுக்கு இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பயந்துபோய்ப் போலீசுக்குச் சொல்லலாம் என்று குசினிக்குள் வந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நான் நிற்கிறேன்.

(அங்கே பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். எனக்கு அது நம் பேச்சாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

"இங்க என்ன பண்றீங்க?"

"சாரி மேடம்."

"எதுக்கு சாரி? முன்னால கதவு இருக்கே, தெரியலயா?"

"யெஸ் மேடம்."

"மேடம்னு சொல்லாதீங்க, எனக்கு வயசானமாதிரி இருக்கு."

"யெஸ் மேடம்" என்றேன்.

வகுப்பு எடுத்தவர் மிஸ் வார்ட். உயரமான, மெலிந்த பெண்மணி. நனைந்த குடையை மேசைக் காலில் சாய்த்துவிட்டு, கையில் ஒரு பென்சிலோடு உட்காருவார். தாய்மொழிக்கு அங்கே தடை. வகுப்பில் மட்டுமில்லை, பஸ்ஸிலும் கடையிலும் தங்கும் வீட்டிலும் தடை. வீட்டாருக்குப் போன் பேச ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. நாம் பேசும்போது பிழை வந்தால் அவர் பென்சிலால் மேசையில் ஒருமுறை தட்டுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நாமே தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னாலும் பாராட்டு கிடையாது. அடுத்த தட்டு விழவில்லை என்றால் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நேத்து வீட்டுல என்ன பேசினீங்க?"

துருக்கியிலிருந்து வந்த எம்ரே என்ற ஆசிரியர் என் பக்கத்தில் இருப்பார். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. "ஹீட்டர நிறுத்திட்டான். நான் போட்டேன். மறுபடி நிறுத்திட்டான். நீ ஒரு கஞ்சப்பயன்னு சொன்னேன்" என்பார். பென்சில் தட்டிக்கொண்டே இருக்கும், அவரும் நிறுத்தமாட்டார். என் முறை வரும். "சூப் நல்லா இருக்குன்னு சொன்னேன். நன்றி சொன்னேன்." ஒரு தட்டும் விழாது. ஆரம்பத்தில் எனக்கு அதில் உள்ளுக்குள் சந்தோஷம்.

வீட்டிலும் அப்படித்தான். மிஸிஸ் பெல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். தட்டுகளைக் கழுவி வைப்பேன். குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவேன். தோட்டத்து இலைகளைக் கூட்டுவேன். "மிஸ்டர் அந்தோணியால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று அவர் மிஸ் வார்டிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் முடிந்ததும் மிஸ் வார்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆப்பிளைத் தண்டோடு கடித்துத் தின்றுகொண்டே சொன்னார்: "மிஸ்டர் அந்தோணி, ஒங்க கிராமர் இந்த வகுப்புலயே நல்ல கிராமர். ஆனா நீங்க பேசல. பதில் சொல்றீங்க. ஒருத்தர் கேட்டதுக்கெல்லாம் ஆமாங்குறது பேச்சு இல்ல."

"யெஸ் மிஸ்."

அவர் பென்சிலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாத பதிலுக்கு விழுந்த முதல் தட்டு.

அங்கே ஒரு விதி இருந்தது. கோர்ஸ் முடிவதற்குள் ஒவ்வொருவரும் தங்கும் வீட்டாரோடு உண்மையான ஒரு விஷயத்தில் மாறுபட்டு, அதைப் பேசியே தீர்க்க வேண்டும். நடிக்கக்கூடாது. எம்ரே அதை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார். "நீங்க செய்யலன்னா, முடிச்சார்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் மிஸ் வார்ட்.

அந்த ஞாயிறு உங்கள் அம்மாவோடு பேசினேன். "ஏங்க, புஷ்பராணி டீச்சரு பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்துட்டாங்களாம். ஒங்க வேலை எல்லாம் ஒழுங்காப் போகுதான்னு கேட்டாங்க. போகுதுன்னு சொல்லிட்டேன். போகுதுதான?" என்றார்.

"போகுது" என்றேன்.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மன்னிக்கவும், எனக்கு அது சரியாகப் படவில்லை. வாக்கியம் நன்றாக வரும். வீட்டுக்குப் போவேன். "இன்னிக்கு சூப்புல உப்புக் கூடிப்போச்சோ?" என்று மிஸிஸ் பெல்லே கேட்பார். கடல் தண்ணீர் மாதிரி இருக்கும். "இல்ல, ரொம்ப நல்லா இருக்கு" என்பேன். நாக்கு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய் திறக்காமல் நிற்கும்போது, பாடம் படிக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

குளிர் கூடியது. நமுனுகுலக் குளிரைப் பார்த்தவன்தானே என்று இரண்டு ஸ்வெட்டரோடு போனவன் நான். கடற்காற்று இரண்டையும் துளைத்தது. ஒருநாள் பின்னேரம் நான் நடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்த மிஸிஸ் பெல் மாடிக்குப் போய் ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நல்ல கனம். ஏற்கெனவே பிரஷ் போட்டு வைத்திருந்தார்.

"என் வீட்டுக்காரரோடது. சும்மாதான் தொங்குது. இனி ஒங்களுக்கு. ஊருக்கும் கொண்டு போங்க."

என் தோளில் வைத்துப் பார்த்தார். கை, விரல் நுனிவரை வந்தது.

பிள்ளைகளே, அப்போது எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இல்லை. அந்த அம்மா பாசத்தோடுதான் கொடுத்தார். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். தாத்தா நின்றார். "யெஸ் மாஸ்டர்" தொண்டைவரை வந்துவிட்டது.

"வேணாம்" என்றேன்.

"என்னது?"

"எனக்கு வேணாம். நான் போடமாட்டேன்."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிக்கவும், தயவுசெய்து எதுவும் வரவில்லை. மொட்டையாக அதுதான் வந்தது. மிஸிஸ் பெல் கோட்டை என் தோளிலிருந்து எடுத்தார். "இது நல்ல கோட்டு" என்றார். மடித்துக் கையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. மறுநாள் காலையில் ரொட்டியை என் முன்னால் வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டார். அவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ போட்டதே இல்லை.

வகுப்புக்குப் போனால் மிஸ் வார்ட் வாசலிலேயே நிற்கிறார். "மிஸிஸ் பெல் போன் பண்ணினாங்க. நீங்க மரியாதையில்லாம பேசினீங்களாம். வேற வீடு பாக்கச் சொல்றாங்க."

முடிந்தது என்று நினைத்தேன். தோட்டத்து ஆளுகளுக்குச் சரிவராது என்று பதுளையில் சொல்லப்போகிறார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கும் டீச்சர்தான் மனதில் வந்து நின்றார்.

"சாரி மிஸ்" என்றேன்.

"சாரி எனக்கு வேணாம். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். கோட்டில் தொடங்கினேன், அது தாத்தாவிடம் போனது, குசினி வாசற்படிக்குப் போனது, கல் படிக்குப் போனது. வகுப்பு நேரம் போய்க்கொண்டிருந்தது, மற்றவர்கள் உள்ளே காத்திருந்தார்கள், நான் நிறுத்தவில்லை. இறந்தகாலம் நிகழ்காலமானது, ஒருமை பன்மை எல்லாம் குழம்பியது, அது எனக்கே கேட்டது. பென்சில் அவர் கையில் அசையவே இல்லை.

முடித்ததும் ஒரே ஒரு தட்டு. கதவு நிலையில் தட்டினார்.

"எது பிழை மிஸ்?"

"யாருகிட்ட சொன்னீங்களோ, அதுதான் பிழை. இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? கோட்டுக் குடுத்தது நானா?"

அன்று பின்னேரம் நான் முன்கதவு வழியாகவா, பின்கதவு வழியாகவா போனேன் என்று ஞாபகம் இல்லை. மிஸிஸ் பெல் குசினி மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லாமலே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதுவே எனக்குப் புதிசு.

"எங்க அப்பா ஒரு துரையோட கோட்டப் போட்டுக்கிட்டே வாழ்ந்தாரு" என்று ஆரம்பித்தேன்.

முழுவதும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான். "அவருக்கு அந்தக் கோட்டுப் புடிக்குமா?"

"ரொம்பப் புடிக்கும். அதுதான் கஷ்டம். சின்ன வயசுல பாத்து எனக்கும் பெருமையா இருந்துச்சு. பெரியவனானதும் வெக்கமாப் போச்சு. அவரக் கொற சொல்லல. ஆனா நான் போடமாட்டேன்."

மேசைத் துணியை இழுத்து நேராக்கினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"என் வீட்டுக்காரருக்கும் அந்தக் கோட்டுப் புடிக்காது. நாந்தான் பாத்து வாங்கினேன். சாகுறவரைக்கும் போட்டாரு, மனுசன் ஒரு வார்த்தை சொல்லல. அவரு செத்தப்பறம் அவரு தங்கச்சிதான் எங்கிட்ட சொன்னா. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மொத ஆம்பள நீங்கதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எதப் போட்டுக்கிட்டு வெளிய போவீங்க? நீங்க வெறச்சுச் செத்தா பழி என்மேலதான் வரும்" என்றார்.

"வேற ஏதாவது பாக்குறேன்."

"கோட்ட ஒங்களுக்குச் சொந்தமாத் தரமாட்டேன் போங்க. இரவல். போற அன்னிக்குத் திருப்பித் தரணும். பொத்தான் போனா தச்சுத் தரணும்."

யோசித்துப் பார்த்தேன். "இரவலுன்னா சரி" என்றேன்.

மிச்ச நாட்கள் அந்தச் சாம்பல் கோட்டோடுதான் திரிந்தேன். இரவல் வாங்கியதைப் போட எனக்குக் கூச்சம் இல்லை. சூப்பில் உப்புக் கூடினால் சொன்னேன். "அப்ப நாளைக்கு நீங்களே வைங்க" என்றார், வைத்தேன், காரம் கூடிவிட்டதென்று சண்டை பிடித்தார். வகுப்பில் பென்சில் என் பக்கமும் ஓயாமல் தட்டியது. கிளம்பிய அன்று கோட்டை மாடி அலுமாரியில் நானே தொங்கவிட்டேன். மிஸிஸ் பெல் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, பிறகுதான் கை கொடுத்தார்.

மிஸ் வார்ட் கையெழுத்துப் போட்டார். மிஸிஸ் பெல்லே அவருக்கு மறுபடி போன் பண்ணி, வேறு வீடு வேண்டாம், இந்த மனுசன் இங்கேயே சண்டை பிடிக்கட்டும் என்றாராம். அடுத்த வருடம் புஷ்பராணி டீச்சர் போனார். திரும்பி வந்ததும் என்னிடம், "மாஸ்டர், ஒரு தட்டுத் தட்டுவாங்களே, அதப் பத்தி மட்டும் ஏன் முன்னாடியே சொல்லல?" என்று ஏசினார்.

ஜெனிட்டா, உன் கம்ப்யூட்டர் கோர்ஸை நான் குறை சொல்லவில்லை. நன்றாகச் செய். நல்ல இங்கிலீஷ் அதிலும் வரும். ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை மகளே. உன் கால் எந்த வாசலில் நிற்கிறது என்று அது காட்டாது. உன் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது பிழையே விடாமல், எல்லாவற்றுக்கும் ஆமாம் டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையை மட்டும் கொஞ்சம் கவனி. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்த பதில்.

இன்னொன்று. நான் திரும்பி வந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை. நான் பின்னேரம்தான் வருவேன் என்று நினைத்து நீங்கள் அம்மாவோடு பூசைக்குப் போயிருந்தீர்கள். வழக்கம்போலக் குசினிப் பக்கம் போய், பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, வைக்கிற இடத்திலிருந்து சாவியை எடுத்து உள்ளே வந்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது. நேராக முன்னறைக்குப் போய் ஆணியிலிருந்து தாத்தாவின் கோட்டைக் கழற்றினேன். தூசி தட்டினேன். கோட்டுப் பையில் ஒரு காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். மடித்துப் பெட்டகத்தில், அம்மாவின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு முன்கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன். மழைக்கு ஊறிக் கதவு நிலையோடு ஒட்டிக்கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தேன். சுவரில் போய் இடிக்கும்வரை திறந்தது.

திரும்பிக் குசினி வழியாக வெளியே வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்து, முன்வாசலால் உள்ளே போனேன்.